விருந்தாளிகளை நம்பி வாழும் தாய்லாந்து: உல்லாசப் பயணத்தின் பணம் யார் கைக்குப் போகிறது?

ஒரு வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு ஆண்டுதோறும் மூன்று விருந்தாளிகள் வருகிறார்கள். வந்தவர்கள் தங்குகிறார்கள். சாப்பிடுகிறார்கள். கை நிறையப் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

இப்படியே பல ஆண்டுகள் கழிந்தன. வீட்டில் ஒருவர் விருந்தாளிக்குச் சமைக்கக் கற்றுக்கொண்டார். ஒருவர் படகு ஓட்டக் கற்றுக்கொண்டார். ஒருவர் துணி துவைக்கும் வேலை பார்த்தார்.

திடீரென்று விருந்தாளிகள் வருவது குறைந்தது. அந்த வீடு என்ன செய்யும்?

இது தாய்லாந்து நாட்டின் கதை. முன்பு சயாம் என்று அழைக்கப்பட்ட நாடு. அதன் மக்கள் தொகை ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம். 2019-ம் ஆண்டில் அங்கு வந்த வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் ஏறக்குறைய 4 கோடி பேர்!

பெரிய பட்டணம், பழைய கோயில்கள், நாக்கில் நீர் ஊறும் சாப்பாடு, தென்னை மரம் நிற்கும் வெள்ளை மணல் கடற்கரை. இந்த நான்கையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்பதுதான் தாய்லாந்தின் கவர்ச்சி. சென்னையில் விமானம் ஏறினால் சுமார் மூன்றரை மணி நேரத்தில் பாங்காக்கில் இறங்கிவிடலாம்.

நம் நாட்டில் இருந்து போகிறவர்கள் கூட்டம் பெருகிக்கொண்டே வருகிறது. 2024-ம் ஆண்டில் மட்டும் 21 லட்சம் இந்தியர்கள் தாய்லாந்துக்குப் போய் வந்தார்கள். தேனிலவுக்குப் போகிறவர்கள் உண்டு. குடும்பத்தோடு போகிறவர்கள் உண்டு. பெரிய பணக்காரர்கள் கல்யாணத்தையே அங்கு நடத்துகிறார்கள்.

ஆகவே தாய்லாந்தில் என்ன நடக்கிறது என்பது நமக்கும் வேண்டிய செய்திதான்.

எப்படி வளர்ந்தது?

1960-ம் ஆண்டில் தாய்லாந்துக்கு வந்த வெளிநாட்டார் சுமார் 81 ஆயிரம் பேர்தான். அந்த நாட்களில் அரிசி, ரப்பர், ஈயம் போன்ற ஒரு வெள்ளை உலோகமான வெள்ளீயம், தேக்கு மரம் ஆகியவைதான் அந்த நாட்டின் செல்வம்.

பிறகு வியட்நாம் போர் வந்தது. போரில் சண்டையிட்ட அமெரிக்க சிப்பாய்கள் ஓய்வு எடுப்பதற்காகத் தாய்லாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்காக ஓட்டல்கள் முளைத்தன. பட்டாயா என்ற மீனவர் கிராமம் உல்லாசப் பட்டணமாக மாறியது.

1997-ம் ஆண்டு ஜூலை மாதம் தாய்லாந்து நாணயமான பாட்டின் மதிப்பு சரிந்தது. கம்பெனிகள் திவாலாயின. பலர் வேலை இழந்தார்கள். ஆனால் வெளிநாட்டாருக்குத் தாய்லாந்து மலிவாகிவிட்டது. அரசாங்கம் அதையே வாய்ப்பாக எடுத்துக்கொண்டு, உலகம் முழுவதும் விளம்பரம் செய்தது. கூட்டம் கூடியது.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. நாகப்பட்டினத்தில் நம் மக்களை வாரிக்கொண்டு போன அதே சுனாமிதான். தாய்லாந்தில் 5 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டு விருந்தாளிகள். அந்த அடியில் இருந்தும் நாடு எழுந்தது.

2019-ல் கூட்டம் உச்சத்துக்குப் போயிற்று. நாட்டு வருமானத்தில் நேராகவும் சுற்றி வளைத்தும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இந்த விருந்தாளிகளால்தான் வந்தது.

அதன் பிறகு கொரோனா வந்தது.

கதவு மூடியது

2021-ம் ஆண்டு முழுவதிலும் தாய்லாந்துக்கு வந்தவர்கள் சுமார் 4 லட்சத்து 28 ஆயிரம் பேர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நூறு பேர் வந்த இடத்தில் ஒருவர்!

புக்கெட் தீவில் கடைகள் வரிசையாக மூடிக் கிடந்தன. படகுகள் கரையில் கிடந்தன. ஓட்டல் வேலையாட்கள் சொந்த ஊருக்குத் திரும்பி வயல் வேலைக்குப் போனார்கள். அந்த ஆண்டு ஜூலையில், தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களை மட்டும் புக்கெட்டுக்குள் விடும் திட்டத்தை அரசாங்கம் தொடங்கியது. மெல்ல மெல்லக் கதவு திறந்தது.

2023-ல் 2 கோடியே 80 லட்சம் பேர் வந்தார்கள். 2024-ல் 3 கோடியே 55 லட்சம் பேர். இன்னும் ஓர் ஆண்டில் பழைய உச்சத்தைத் தொட்டுவிடலாம் என்று நாடே நம்பியது.

நடந்தது வேறு. 2025-ல் கூட்டம் குறைந்துவிட்டது. சுமார் 3 கோடியே 30 லட்சம் பேர்தான் வந்தார்கள்.

ஏன் குறைந்தது?

காரணம் ஒன்றல்ல.

2025 ஜனவரியில் ஒரு சீன நடிகர், சினிமா வேலை என்று நம்பித் தாய்லாந்துக்கு வந்தார். அவரை எல்லை கடத்தி பர்மாவில் உள்ள மோசடிக் கும்பலின் முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சில நாட்களில் அவர் மீட்கப்பட்டார். ஆனால் செய்தி சீனா முழுவதும் பரவிவிட்டது. 2019-ல் ஒரு கோடிக்கு மேல் வந்த சீனர்கள், 2025-ல் அதில் பாதிகூட வரவில்லை.

மார்ச் 28-ந் தேதி பர்மாவில் பெரிய பூகம்பம் ஏற்பட்டது. பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த ஓர் உயரமான அரசாங்கக் கட்டிடம் இடிந்து விழுந்தது.

ஜூலையில் கம்போடியாவுடன் எல்லையில் சண்டை மூண்டது. டிசம்பரில் மறுபடியும் சண்டை.

இவற்றோடு பாட்டின் மதிப்பும் ஏறியது. மலிவான நாடு என்று வந்தவர்களுக்குச் செலவு கூடியது. பக்கத்தில் உள்ள வியட்நாமும் தன் கடற்கரைகளைக் காட்டி விருந்தாளிகளை அழைத்தது.

ஓர் ஊர் நெல்லை நம்பி இருந்தால் மழை பொய்க்கும்போது கஷ்டப்படும். விருந்தாளியை நம்பி இருக்கும் நாடு, எங்கோ ஒரு மூலையில் நடக்கும் கடத்தலுக்குக்கூடப் பயப்பட வேண்டியிருக்கிறது.

புதிய எண்ணம்

இப்போது தாய்லாந்து அரசாங்கம் ஒரு புதிய பேச்சைப் பேசுகிறது. "கூட்டம் கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை. வருகிறவர்கள் அதிகம் செலவு செய்கிறவர்களாக இருக்கட்டும்" என்பதே அந்தப் பேச்சு.

அதாவது, பத்து பேர் வந்து ஆளுக்கு நூறு ரூபாய் செலவு செய்வதற்குப் பதிலாக, ஐந்து பேர் வந்து இருநூறு ரூபாய் செலவு செய்யட்டும். வருமானம் ஒன்றுதான். கூட்டம் பாதி. குப்பையும் பாதி.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் எப்படி?

இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. கடல் சொல்லும் பதில் ஒன்று. கூலியாள் சொல்லும் பதில் மற்றொன்று.

கடல் சொல்லும் பதில்

புக்கெட்டுக்குப் பக்கத்தில் பீபீ தீவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் மாயா கடற்கரை என்ற சிறு விரிகுடா. மூன்று பக்கமும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. நடுவில் பச்சைக் கண்ணாடி போன்ற நீர்.

ஓர் ஆலிவுட் படத்தை அங்கு எடுத்தார்கள். 2000-ம் ஆண்டில் அந்தப் படம் வெளியாயிற்று. உலகமே அந்தக் கடற்கரையைப் பார்க்க ஓடி வந்தது. சிறிய இடம். ஒரு நாளைக்கு 5 ஆயிரம் பேர்! படகுகள் வரிசையாக வந்து நங்கூரம் போட்டன. கடலுக்கு அடியில் இருந்த பவளப் பாறைகள் நொறுங்கின. மீன்கள் ஓடிவிட்டன.

2018 ஜூன் மாதம் அரசாங்கம் அந்தக் கடற்கரையை மூடியது. முதலில் நான்கு மாதம் என்றார்கள். பிறகு மூன்றரை ஆண்டு ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் கடலடியில் பவளக் கன்றுகளை நட்டார்கள். ஓடிப்போன கருந்துடுப்புச் சுறாக்கள் திரும்பி வந்தன. (இவை மனிதரைத் தேடி வந்து கடிப்பவை அல்ல.)

2022 ஜனவரி 1-ந் தேதி கடற்கரை மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் பழையபடி அல்ல. படகுகள் விரிகுடாவுக்குள் நுழையக்கூடாது. தீவின் பின்பக்கம் இறங்கி, மரப்பாலம் வழியாக நடந்துதான் வரவேண்டும். ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்று கணக்கு வைத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மாதம் கடற்கரைக்கு ஓய்வு கொடுக்கிறார்கள்.

கூட்டம் குறைந்தால் கடல் பிழைக்கிறது. இதை மாயா கடற்கரை கண் முன்னே காட்டிவிட்டது.

கூலியாள் சொல்லும் பதில்

புக்கெட் தீவில் ஓர் இரவுக்கு 40 ஆயிரம் பாட் வாடகை வாங்கும் சொகுசு அறைகள் உண்டு. 2025-ல் ஒரு பாட் இரண்டரை ரூபாய்க்கும் மூன்று ரூபாய்க்கும் இடையே இருந்தது. அப்படியானால் ஓர் இரவுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்!

அதே புக்கெட்டில், 2025 ஜனவரி 1-ந் தேதி முதல் ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி 400 பாட் என்று சட்டம் வந்தது. நாட்டிலேயே அப்போது அதுதான் உச்ச அளவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கூலி வாங்கும் பெண் அந்த அறையைத் துடைத்து, படுக்கை விரித்து, பூ வைத்துவிட்டுப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த அறையின் ஓர் இரவு வாடகை, அவளுடைய நூறு நாள் கூலி!

வாடகை கூடினால் அவளுடைய கூலியும் கூடுமா? தானாகக் கூடாது. ஓட்டல் வெளிநாட்டுக் கம்பெனியுடையதாக இருந்தால் லாபம் அந்த நாட்டுக்குப் போகிறது. விருந்தாளி குடிக்கும் மது பிரான்சில் இருந்து வருகிறது. சாப்பிடும் மாட்டிறைச்சி ஆஸ்திரேலியாவில் இருந்து வருகிறது. அறைக்கு வெளியூர்க் கம்பெனி வழியாகப் பணம் கட்டியிருந்தால், அதற்கும் ஒரு தரகு. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுத்ததுபோல, வழியெல்லாம் ஒழுகி, வீடு வந்து சேரும்போது பாதிக் குடம்தான் இருக்கிறது.

மலிவாகப் பயணம் செய்கிறவர் தெருவோரத்துத் தள்ளுவண்டியில் சாப்பிடுகிறார். சிறு விடுதியில் தங்குகிறார். உள்ளூர் பஸ்ஸில் போகிறார். அவர் கொடுப்பது சிறிய நோட்டு. ஆனால் அது நேராக ஊரார் கைக்குப் போகிறது. சொகுசுப் பயணி கொடுப்பது பெரிய நோட்டு. அவர் ஓட்டல் மதிலுக்கு உள்ளேயே இருந்துவிட்டால், தள்ளுவண்டிக்காரருக்கு அதில் ஒன்றும் இல்லை.

இதற்காகச் சொகுசுப் பயணமே கூடாது என்று சொல்ல முடியாது. ஆயுள் முழுவதும் உழைத்து, வெள்ளிவிழாக் கல்யாண நாளுக்கு மனைவியோடு ஒரு முறை நல்ல ஓட்டலில் தங்க ஆசைப்படுவது குற்றமா? இல்லை. சொகுசு அறையில் தூங்கலாம். ஆனால் பகலில் மதிலுக்கு வெளியே வரவேண்டும். அப்படி வருகிறவரின் பயணம்தான் ருசியாகவும் இருக்கும்.

பத்துப் பன்னிரண்டு நாள் பயணத்தை எப்படி அமைக்கலாம் என்று பார்ப்போம்.

முதலில் காலம்

பெரும்பாலோர் செய்யும் தவறு, ஓட்டலைப் பிடித்துவிட்டுப் பிறகு மழையைப் பற்றி யோசிப்பது.

தாய்லாந்துக்கு இரண்டு கடற்கரைகள். மேற்கே அந்தமான் கடல். புக்கெட், கிராபி, பீபீ தீவுகள் எல்லாம் அந்தப் பக்கம். அங்கு மே முதல் அக்டோபர் வரை மழையும் அலையும் அதிகம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். கிழக்கே தாய்லாந்து வளைகுடா. சாமுயி தீவு அந்தப் பக்கம். அங்கு பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நம் சென்னை மழைக் காலத்தைப் போலத்தான்.

ஆகவே ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் சாமுயிக்குப் போகலாம். டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை போகிறவர்கள் புக்கெட்டுக்குப் போகலாம்.

வடக்கே சியாங் மாய்க்குப் போக நவம்பர் முதல் ஜனவரி வரை நல்லது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அங்கு காட்டுத் தீயும் வயலில் வைக்கும் தீயும் சேர்ந்து புகை மண்டலமாக இருக்கும். ஆஸ்த்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அந்தக் காலத்தில் போகாமல் இருப்பதே நல்லது.

பாங்காக்கில் மூன்று நாள்

விமான நிலையத்தின் பெயரே சுவர்ணபூமி. உள்ளே தேவர்களும் அசுரர்களும் பாற்கடலைக் கடையும் பெரிய சிற்பம் இருக்கிறது. முன்பின் தெரியாத நாட்டுக்கு வந்தோம் என்ற எண்ணம் அங்கேயே பாதி போய்விடும்!

1782-ம் ஆண்டில் முதலாம் ராமர் என்ற அரசர் பாங்காக்கைத் தலைநகராக்கினார். அந்த வம்சத்து அரசர்கள் எல்லோருக்குமே ராமர் என்ற பட்டம் உண்டு. பெரிய அரண்மனையை ஒட்டி மரகத புத்தர் கோயில் இருக்கிறது. அதன் பிராகாரச் சுவர் முழுவதும் ராமாயண ஓவியங்கள். அவர்கள் அதை ராமகியன் என்கிறார்கள். பக்கத்துக் கோயிலில் 46 மீட்டர் நீளமுள்ள புத்தர் சயன கோலத்தில் இருக்கிறார்.

தோளும் முழங்காலும் தெரியும் உடையில் அரண்மனைக்குள் விடமாட்டார்கள். யார் தலையையும் தொடக்கூடாது, குழந்தையின் தலையைக்கூட. பெண்கள் புத்த பிக்குகளைத் தொடக்கூடாது. கை கூப்பி வணக்கம் சொன்னால் போதும். எதிரே இருப்பவரும் கை கூப்புவார்.

ஆற்றில் போக வாடகைப் படகும் உண்டு, எல்லோரும் ஏறும் பொதுப் படகும் உண்டு. பொதுப் படகில் ஏறினால் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், பிக்குகள் எல்லோரையும் பார்க்கலாம். தெருவுக்கு மேலே தூண்களில் ஓடும் மின்சார ரெயில் 1999-ல் வந்தது. நெரிசலில் டாக்சியில் உட்கார்ந்திருப்பதைவிட அது மேல்.

அயோத்தியும் யானையும்

பாங்காக்குக்கு வடக்கே 80 கிலோ மீட்டர் தூரத்தில் அயுத்தயா இருக்கிறது. அயோத்தி என்ற பெயர்தான் அப்படி ஆயிற்று. 14-ம் நூற்றாண்டில் எழுந்த அந்தத் தலைநகரை 1767-ல் பர்மியப் படை எரித்துவிட்டது. இன்று இடிந்த கோபுரங்கள் நிற்கின்றன. ஒரு மரத்தின் வேர்களுக்கு நடுவே புத்தரின் கல் முகம் மட்டும் தெரியும். காலையில் ரெயிலில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

சியாங் மாய் 1296-ல் உண்டான ஊர். பாங்காக்கில் இருந்து இரவு ரெயிலில் படுத்தால் காலையில் அங்கே எழுந்திருக்கலாம். அங்கு போகிற எல்லோரும் யானையைப் பார்க்கப் போகிறார்கள்.

அந்த யானைகளுக்கு ஒரு கதை உண்டு. அவை முன்பு காட்டில் தேக்கு மரம் இழுத்தன. 1988-ல் தெற்கே பெருவெள்ளம் வந்து மண் சரிந்து பலர் மாண்டார்கள். காடு அழிந்ததுதான் காரணம் என்று 1989-ல் அரசாங்கம் மரம் வெட்டுவதற்குத் தடை போட்டது. காடு பிழைத்தது. யானைக்கும் பாகனுக்கும் வேலை போயிற்று. அவர்கள் உல்லாசப் பயணிகளிடம் வந்து சேர்ந்தார்கள்.

சவாரி செய்வதும் வித்தை காட்டச் சொல்வதும் யானைக்குத் துன்பம். யானை தின்பதையும் குளிப்பதையும் தள்ளி நின்று பார்க்க விடும் இடங்கள் உண்டு. அங்கே கொடுக்கும் கட்டணத்தில் பாகனும் வாழ்கிறான், யானையும் வாழ்கிறது.

சாப்பாடு

தாய்லாந்துச் சமையலில் புளிப்பு, உறைப்பு, இனிப்பு, உப்பு நான்கும் ஒன்றாக நிற்க வேண்டும். டோம் யம் குங் என்ற இறால் ரசத்தை 2024-ல் யுனெஸ்கோ சபை மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் ரசம் குடித்துப் பழகியவர்களுக்கு அது உடனே பிடித்துவிடும்.

தெருச் சாப்பாடு தாழ்ந்தது என்று நினைக்க வேண்டாம். பிரான்சு நாட்டு டயர் கம்பெனி ஒன்று உலக ஓட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிறது. 2017 டிசம்பரில் அந்தக் கம்பெனி பாங்காக்கில் முதன் முதலாக நட்சத்திரங்களை அறிவித்தது. பெரிய ஓட்டல்களோடு ஜே ஃபாய் என்ற மூதாட்டியின் தெருவோரக் கடைக்கும் ஒன்று கிடைத்தது! கரி அடுப்பின் முன் நின்று, நெருப்புப் படாமல் கண்ணுக்கு மூடி போட்டுக்கொண்டு, அவர் நண்டு ஆம்லெட் சுடும் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு ஊற்றுவார்கள். மீனையும் உப்பையும் மாதக் கணக்கில் ஊறவைத்து வடித்த நீர் அது. "காய்கறி மட்டும்" என்று சொன்னால் போதாது. "ஜே" என்று சொல்ல வேண்டும். மீன், முட்டை, இறைச்சி எதுவும் சேராத சாப்பாட்டுக்கு அங்கே அதுதான் பெயர். மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் கிடைக்கும்.

கடைசியில் கடல்

கடற்கரையைப் பயணத்தின் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. நடந்து களைத்த கால்களுக்கு நான்கைந்து நாள் ஓய்வு.

கரையில் சிவப்புக் கொடி பறந்தால் கடலில் இறங்கக்கூடாது. மழைக் காலத்தில் புக்கெட்டில் கரை அருகே உள்நோக்கி இழுக்கும் நீரோட்டம் உண்டு. நீச்சல் தெரிந்தவர்களையும் அது இழுத்துப் போயிருக்கிறது.

வெயிலுக்குப் பூசும் சில கிரீம்கள் பவளத்தைக் கொல்கின்றன. கெடுதல் செய்யும் நான்கு மருந்துப் பொருள்கள் கலந்த கிரீம்களைக் கடல் பூங்காக்களில் பூசக்கூடாது என்று 2021-ல் தடை போட்டார்கள். அபராதம் ஒரு லட்சம் பாட் வரை போகலாம்.

கடல் நடுவே இருக்கும் தீவுக்குத் தண்ணீர்க் கஷ்டமும் உண்டு. 2024 கோடையில் பீபீ தீவில் கிணறும் குட்டையும் வற்றித் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது. விருந்தாளி நீச்சல் தொட்டியில் குளிக்கும் தண்ணீரும், படகுக்காரர் வீட்டில் சோறு பொங்கும் தண்ணீரும் ஒரே தீவின் தண்ணீர்தான்.

போகும் முன்

2023 நவம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் வரலாம் என்று தாய்லாந்து அறிவித்தது. பிறகு நாள் கணக்கை மாற்றியது. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் வாங்கும் முன் தாய்லாந்துத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வருகைப் படிவத்தை முன்கூட்டியே இன்டர்நெட்டில் நிரப்ப வேண்டும் என்ற விதி 2025 மே 1 முதல் வந்தது. அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் போலி இடங்களில் ஏமாற வேண்டாம்.

"பாங்காக்கில் நல்ல சம்பளத்தில் கம்ப்யூட்டர் வேலை" என்று யாராவது அழைத்தால் தீர விசாரியுங்கள். அந்தச் சீன நடிகர் சிக்கிய முகாம்களில் நம் பிள்ளைகளும் சிக்கி மீண்டிருக்கிறார்கள்.

நம்மவர் போன வழி

தாய்லாந்துக்கு நாம் இன்று புதிதாகப் போகவில்லை.

பாங்காக்கின் சீலோம் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. 1870-களில் அங்கு குடியேறிய தமிழர்கள் கட்டியது. நவராத்திரியில் தாய்லாந்து மக்களே ஆயிரக்கணக்கில் வந்து பூப்போட்டுக் கும்பிடுகிறார்கள். ஊரார் அதை "வாட் கேக்" என்கிறார்கள். வாட் என்றால் கோயில். கேக் என்ற சொல்லுக்கு விருந்தாளி என்று பொருள்.

விருந்தாளியாக அல்லாமல் அடிமைபோல் போனவர்களும் உண்டு. 1942, 1943-ல் ஜப்பானியர் பர்மாவுக்குப் போட்ட 415 கிலோ மீட்டர் ரெயில் பாதையில், மலேயாத் தோட்டங்களில் இருந்து கொண்டு போகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். காஞ்சனபுரியில் உள்ள அந்த ரெயில் பாலத்தில் நின்று இன்று எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். வெள்ளைக்கார சிப்பாய்களுக்கு அங்கே வரிசையாகக் கல்லறைகள் உண்டு. தமிழ்க் கூலிகளில் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய கல் இல்லை. அங்கே போகிறவர்கள் அவர்களையும் ஒரு நிமிடம் நினைக்கலாம்.

இவர்களுக்கெல்லாம் முன்னால் போனவர்கள் வணிகர்கள். புக்கெட்டுக்கு வடக்கே தக்குவா பா என்ற ஊர் இருக்கிறது. சொகுசு ஓட்டல்கள் நிறைந்த காவோ லக் கடற்கரை அதன் பக்கத்தில்தான். அந்த ஊரில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உடைந்த கல்தான். ஆனாலும் செய்தி தெரிகிறது. அவனி நாரணம் என்ற பெயரில் அங்கு ஒரு குளம் வெட்டினார்கள். அதை மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவின் காவலில் விட்டார்கள்.

அவர்களும் பணம் தேடித்தான் கடல் கடந்து போனார்கள். காற்று திரும்பும் வரை சில மாதங்கள் அந்நிய ஊரில் தங்கியிருக்க வேண்டும். தங்கிய இடத்தில் குளம் வெட்டினார்கள். அதைக் காக்க ஆளும் வைத்தார்கள்.

இன்று அதே கரைக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கான விருந்தாளிகள் விமானத்தில் வருகிறார்கள். அவர்களில் நம்மவரும் பலர். யாரும் குளம் வெட்ட வேண்டியதில்லை. தண்ணீரை வீணாக்காமல் இருந்து, தள்ளுவண்டிக்காரரிடம் ஒரு வேளை சாப்பிட்டு, படுக்கை விரித்த பெண்ணின் கையில் நேராக ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டு வந்தால் போதும். அடுத்த முறை நம் பிள்ளைகள் போகும்போது அந்தக் கடலும் இருக்கும். அந்தப் பெண் கை கூப்பி வணக்கமும் சொல்வாள்.